சிசிலியின் கை

மார்ச் மாதம் இருபத்தெட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. விடியற்காலை தொடங்கி உறைமழை. நீராக இறங்கி, தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகும் அம்மழை, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் மேப்பிள் கொப்புகளையும் மின்கம்பிகளையும் வெளிப்படிக்கட்டுகளின் இரும்புக் கைபிடிகளையும் பாகுபாடின்றி மூடியிருந்தது. வெப்பநிலை பூச்சியத்துக்கு ஒரு பாகை கீழே; காற்று கிழக்கிலிருந்து. மாலையில் மழை விடும் என்று வானொலி கூறிற்று.

சப்பாத்தின் அடியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்த சிசிலிக்கு, வானொலியின் பேச்சில் அன்று அக்கறை இருக்கவில்லை. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரி ஒன்றில் அவள் பதினோராண்டு காலமாகச் சமையற்காரி. அந்த வேலையை விடுவதா, தொடர்வதா என்பதை அன்றிரவுக்குள் சொல்லிவிட வேண்டும். பொறுப்பாளரான மதாம் கரோல் நல்லவர்; ஆனால் திங்கட்கிழமை அறுபது குழந்தைகளுக்குச் சூப் வேண்டும். விடுவதாயின் வேறொருத்தியை எடுக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். விடுகிறேன் என்று சிசிலி வாயளவில் சொல்லியும் இருந்தாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண் தன் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தது எதனால் என்று கேட்டால், சப்பாத்தியினால் என்றுதான் விடை கூற வேண்டும். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். சிசிலிக்கு வரவில்லை.

அவளுடைய கணவர் அருமைராசா மொன்றியல் துறைமுகத்தை அடுத்த பண்டகசாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாகக் கொள்கலன்களிலிருந்து சுமை இறக்கியவர். முள்ளந்தண்டு விலகி, வேலையை விட்டு, இரண்டு வருடமாக வீட்டில் இருந்தார். தைப்பொங்கல் கழிந்த வாரம் வைத்தியர் அவருடைய இரத்தத்தைப் பார்த்து, நீரிழிவு தலைக்குமேல் ஏறிவிட்டது என்றும், இரவில் சோறும் வெள்ளை மாப் புட்டும் இனி ஆகாது என்றும் சொல்லிவிட்டார். தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவில் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் மரக்கறி. அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு.

மன்னாரில் பிறந்து வளர்ந்த சிசிலிக்குச் சப்பாத்தி பழக்கமில்லை. தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டும் ரொட்டி கைவந்தது, பாலப்பம் கைவந்தது, இடியப்பம் கண்ணை மூடிக்கொண்டு பிழிவாள். இருந்தாலும் மாவும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த ஒரு பண்டம் மனிதரை எவ்வளவு தூரம் வருத்திவிட முடியும் என்று எண்ணித்தான் தொடங்கினாள். வேலை முடிந்து வந்து, மேற்சட்டையைக் கழற்றிக் கொழுவிய கையோடு மா குழைப்பாள். வெறுந்தண்ணீரில் குழைத்தாள், வெடித்தது. சுடுதண்ணீரில் குழைத்தாள், அப்பொழுதும் வெடித்தது. பால் விட்டாள், தயிர் விட்டாள், எண்ணெயைக் கூட்டினாள், ஈரத்துணியால் மூடி ஒரு மணித்தியாலம் ஊறவும் வைத்தாள். தேய்க்கும்போது ஓரமெல்லாம் பிளந்தது. கல்லில் இட்டால் உப்பவே மறுத்தது. எடுத்து மடித்தால் இரண்டாக முறிந்தது. காணொளிகளில் புன்னகைத்தபடி பஞ்சுபோன்ற சப்பாத்திகளை அடுக்கும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

கடையில் வாங்குங்கள் அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று ஒட்டாவாவிலிருந்து மகள் றொஷினி பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் தொலைபேசியில் சொன்னாள். அருமைராசா கேட்கவில்லை. கடைச் சப்பாத்தி றப்பர், அதில் உப்பும் கூட. வீட்டில் ஒரு பெண் இருக்கக் கடையில் ஏன் வாங்க வேண்டும் என்றார். ஒருநாள் கோப்பையில் கிடந்த சப்பாத்தியை மேசையின் விளிம்பில் தட்டிக் காட்டினார். அது மரத்தில் பட்ட மரம்போல ஒலித்தது. அந்த ஒலியைச் சிசிலி இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு அது வீட்டை விட்டு வெளியே போயிற்று. பங்குக் கோவிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், சப்பாத்தி கேட்டால் சிசிலி சப்பாத்தைத் தருகிறாள் என்று அருமைராசா சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த நாலு பேரின் மனைவிமாரும் சிரித்தார்கள். பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிற்கும் ஒருத்தி, தன்னிடம் வந்து பழகும்படி சிசிலியை அழைத்தாள். அழைத்த குரலில் இருந்த இரக்கம், சிரிப்பைவிடக் கூடுதலாகச் சுட்டது.

எல்லாவற்றிலும் கொடியது மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அருமைராசாவின் தம்பி அருமைநாதனும் அவருடைய மனைவி சஜிதாவும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்டிலிருந்து சாப்பிட வந்திருந்தார்கள். சஜிதா ஒரு துண்டைப் பிய்க்க முயன்றாள். அது பிய்யாமல் நொறுங்கிற்று. விரலால் தடவிப் பார்த்து, குறைகூறும் எண்ணமின்றியே கேட்டாள்.

"அக்கா, அவிச்ச மாவிலையோ சுட்டனீங்கள்?"

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பிறந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் பொருள் விளங்கும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவைத் துணியில் பொதிந்து ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து வைத்துக்கொள்வது அப்பகுதி மக்களின் வழக்கம். அவித்த மா நாட்பட இருக்கும், வண்டு வைக்காது, புட்டு பூப்போல உதிரும். ஆனால் ஆவி பட்ட மாவில் இழுவை செத்துவிடும். அதைக் குழைத்துத் தேய்க்க முனைவது, மணலைக் குழைத்துத் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

"மாதாவாணை இல்லை சஜிதா. இந்த வீட்டிலை நான் மா அவிச்சு எத்தினை வருசம். புட்டு மாவும் இவர் கடையிலை அவிச்சதாத்தான் வாங்கிறவர்" என்றாள் சிசிலி.

அருமைராசா பக்கத்திலேதான் இருந்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு தம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மாவிலை பிழையில்லை. கையிலைதான் பிழை. வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குக் கஞ்சி கிண்டிக் கிண்டி இவவின்ரை கை பழுதாப்போச்சு."

அந்தச் சொல்லின் முனையைப் பிடித்துக்கொண்டு அருமைநாதன் பேசத் தொடங்கினார். அண்ணையின் சீனி இறங்கவில்லை, அவர் வயிறாறச் சாப்பிடுவதில்லை, பகலெல்லாம் தனியே இருக்கிறார். அவருடைய ஓய்வூதியமும் பிள்ளையின் உதவியும் இருக்க, அண்ணி இன்னும் வேலைக்கு ஓடுவது யாருக்காக என்று மெதுவாகவும் மரியாதையாகவும் கேட்டார். மரியாதையாகக் கேட்டபடியால் மறுமொழி சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதோடு, உள்ளே அவள் தளர்ந்தும் போயிருந்தாள். ஒரு சப்பாத்தியை மெத்தென்று சுட முடியாத கை, உண்மையிலேயே பழுதான கையாக இருக்கக்கூடுமல்லவா? உயிர்த்த ஞாயிறுக்குள் வேலையை விடுகிறேன் என்று அன்று ஒப்புக்கொண்டாள். குளியலறையைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த வெள்ளிக்கிழமை மாலை தம்பி குடும்பம் மீண்டும் வருவதாக இருந்தது. முடிவான கதையைக் கேட்டுக்கொண்டு, ஒன்றாகச் செபமும் சொல்லிவிட்டுப் போக.

கார்டெரியில் பத்து மணியளவில் மின்சாரம் நின்றது. பனி கனத்த கொப்பொன்று எங்கோ கம்பியின்மேல் விழுந்திருக்க வேண்டும். அடுப்பு இல்லை, சூப் இல்லை. பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர்கள் வரும்வரை பிள்ளைகளைக் குழப்படி செய்யாமல் வைத்திருக்க ஏதாவது செய்யும்படி மதாம் கரோல் சிசிலியைக் கேட்டார். அவள் கோதுமை மாவைக் கொட்டி, உப்புப் போட்டு, தண்ணீர் தெளித்துக் குழைத்தாள். விளையாட்டுக்குத்தானே என்று அளவும் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் மா திரண்டது. அவள் உருண்டைகளாகக் கிள்ளிக் கொடுக்க, நாலு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு நுனியில் பிடித்து இழுத்தார்கள். அது நீண்டது. மேசையின் இந்தப் புறத்திலிருந்து அந்தப் புறம்வரை, அறாமல், மெழுகுபோல நீண்டது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

சிசிலி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் ஒருநாள்கூட இப்படி ஒரு மா அவளுடைய கையில் இழுபட்டதில்லை. இது வெள்ளை மா, அது ஆட்டா மா, அதுதான் வித்தியாசம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கையில் பழுது இல்லை. அது மட்டும் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது.

நண்பகலோடு கார்டெரியைப் பூட்டினார்கள். பஸ் ஓடவில்லை. நான்கு தரிப்பிடத் தூரத்தை அவள் நடந்தே வந்தாள். தலைக்கு மேலே கொப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடி வளையல்கள்போலக் கிலுங்கின. வழக்கமாக நாலரைக்கு வரும் அவள், அன்று ஒரு மணிக்கு முன்னரே தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஆவி. ஊரில் மழைநாளில் குசினிக்குள் வருமே, அந்த வாசனை. சூடான பருத்தித்துணியின் வாசனையும் அவிந்த மாவின் வாசனையும் கலந்தது. யன்னல் கண்ணாடி வெள்ளையாக வேர்த்திருந்தது.

நிலத்தில் பத்திரிகைத்தாள் விரித்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அருமைராசா உட்கார்ந்திருந்தார். முன்னால் அரிதட்டு. பக்கத்தில், ஆவி பறக்கும் துணிப்பொதி ஒன்று அவிழ்ந்து கிடந்தது. கட்டியாகிய மாவை, மா அளக்கும் சுண்டின் அடியால் இடித்து உடைத்து, அரித்து, கீழே விழுந்த மாவைப் பழுப்புநிற வாளிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அது சப்பாத்தி மா வாளி. அடுப்பில் இரண்டாவது பொதி வெந்துகொண்டிருந்தது. சுவரோடு சாய்ந்திருந்தது பாதி வெறுமையான ஆட்டா மாப் பை. தபசுகாலத்துப் பாட்டொன்றை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், நிழல் பட்டதும் நிமிர்ந்தார்.

சிசிலி சப்பாத்தைக் கழற்றவில்லை. இரும்பு முள்ளோடு குசினி நிலத்தில் நின்றாள்.

"என்ன செய்யிறியள்?"

"மா அவிக்கிறன்."

"எந்த மா?"

அருமைராசா அரிதட்டைப் பார்த்தார்.

"நான் கேக்கிறது, உது எந்த மா?"

"சப்பாத்தி மாதான். பச்சை மா வயித்திலை ஊதும் சிசிலி. அவிச்சு வைச்சா வண்டும் வராது. அகதி முகாமிலை இருக்கேக்கை நிவாரண மாவை நான்தானே அவிக்கிறனான். உமக்கும் வேலை குறையட்டும் எண்டு..."

"எப்ப துடங்கி?"

"நெடுகத்தான்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. செவ்வாய்க்கிழமைகளில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குபவர் அவர். மாவை வாளியில் கொட்டி வைப்பவர் அவர். கடையில் அவித்ததாக அவர் சொன்ன புட்டு மாவையும் அவித்தது அவரேதான். ஆட்டா மாவின் பையை உடைத்து, பச்சையாக அதைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒருநாளும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டா மா என்றால் இப்படித்தான் என்று நம்பி, செத்த மாவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அறியாமல் செய்த உதவி என்று ஒருவேளை சிரித்தும் இருப்பாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"சஜிதா கேட்டவள். அவிச்ச மாவோ எண்டு என்னைக் கேட்டவள். நான் மாதாவிலை ஆணை வைச்சனான். நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்."

அடுப்பில் பொதி புஸ்ஸென்று ஆவி விட்டது.

"அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதோ இல்லையோ?"

"விளங்கினது."

"விளங்கி?"

"நாதனுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? துறைமுகத்திலை கொண்டெயினர் இறக்கினவன் இப்ப பொம்பிளையள்போல குந்தியிருந்து மா அரிக்கிறான் எண்டு புரோசார்ட் முழுக்கச் சொல்லித் திரிவான். அதுதான்..."

"அதுக்கு என்ரை கை பழுதோ?"

"அது வாயிலை வந்திட்டுது."

"அதுக்குப் பிறகும் அவிச்சியள். இண்டைக்கும் அவிக்கிறியள்."

அருமைராசாவின் விடை மிகவும் சிறியதாக இருந்தது. திடீரென்று நிறுத்தினால் சப்பாத்தி மெத்தென்று வரும், வந்தால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் தெரிந்துவிடும். ஆகவே நிறுத்த வழி தெரியவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய தலைமயிரிலும் புருவத்திலும் மா படிந்து, அவர் ஒரே நாளில் பத்து வயது முதிர்ந்தவர்போல் காணப்பட்டார்.

வேறொரு நாளாயின் அந்தக் கோலம் சிசிலியின் மனத்தை இளக்கியிருக்கும். அன்று இளக்கவில்லை. முப்பது வருடமாக அவருடைய முதுகுக்கு எண்ணெய் போட்ட கை, அவருடைய வேலையுடுப்பின் கிறீசைத் தேய்த்துக் கழுவிய கை, அந்தக் கையைத்தான் தன் வெட்கத்தை மூட ஒரு துணியாக எடுத்திருக்கிறார். அதனாலே தன் அடுப்பையும், அறுபது பிள்ளைகளையும், சம்பளத்தோடு வரும் தன் சொந்த மூச்சையும் அவள் விட்டுக்கொடுக்க இருந்தாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் கோபம் குறைந்துவிடும் என்று அஞ்சினாள்.

அடுப்பை நிறுத்தினாள். பாதிப் பையில் மிஞ்சியிருந்த பச்சை ஆட்டா மாவைத் தூக்கித் தன் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலின்மேல் வைத்தாள்.

"அரிச்சு முடியுங்கோ" என்றாள். "அரைவாசியிலை விடவேண்டாம்."

பின்னேரம் மழை விட்டது. கூரைகளிலிருந்து பனிக்கட்டி பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. சிசிலி கத்தரிக்காயைக் குறுக்காக வெட்டிப் பொரித்துக் குழம்பு வைத்தாள். பருப்பை வெங்காயத்தோடு கடைந்தாள். அறைக்குள் இருந்த மாவில் அளந்து எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்தாள். முதலில் அது விரல்களில் பிசுபிசுத்தது. பிறகு ஒன்றுதிரண்டது. உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளினாள். அது தள்ளிய தூரம் போய்த் திரும்பி வந்தது. மீண்டும் தள்ளினாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, ஒரு சிரிப்பை, மேசையில் தட்டிய அந்த ஒலியை வைத்துத் தள்ளினாள். நன்றாகத்தான் குழைந்தது. ஈரத்துணியால் மூடிக் குளிரூட்டியின்மேல் வைத்தாள்.

அருமைராசா இரண்டு முறை குசினி வாசலில் வந்து நின்றார். நாதனுக்கு ஒன்றும் சொல்லாதே என்று கேட்கத்தான் வந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்க்காததால், அவரும் கேட்காமலே போனார்.

ஆறு மணி கடந்து தம்பி குடும்பம் வந்தது. பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன, அதனால் சுணங்கிவிட்டது என்று சஜிதா சொன்னாள். சிலுவைப்பாதைச் செபத்தை வீட்டிலேயே சுருக்கமாகச் சொன்னார்கள். அருமைராசாவின் குரல் எழும்பவே இல்லை. செபம் முடிந்து மேசைக்கு வந்ததும், அருமைநாதன் வழக்கமான பகிடியை எடுத்தார்.

"என்ன அண்ணி, இண்டைக்கும் சப்பாத்துத்தானோ?"

"இண்டைக்கு உங்கட அண்ணை சுடுறார், தம்பி" என்றாள் சிசிலி.

அவர் சிரித்தார். சிசிலி சிரிக்கவில்லை. மேசை நடுவில் பெரிய தட்டொன்றை வைத்தாள். வாளியிலிருந்து இரண்டு சுண்டு மாவை அள்ளி அதில் கொட்டினாள். உப்பு, தண்ணீர், தேய்க்கும் கட்டை எல்லாவற்றையும் அருமைராசாவின் முன் நகர்த்தினாள். மின்னடுப்பொன்றையும் கல்லையும் மேசையிலேயே வைத்தாள்.

"குழையுங்கோ."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரை விட்டுக் குழைத்தார். மா ஒட்டவில்லை. தண்ணீரைக் கூட்டினார், சேறாயிற்று. மாவைக் கூட்டினார், உதிர்ந்தது. கொள்கலன்களைத் திறந்து மூடிய பெரிய விரல்கள், அந்தச் சிறிய உருண்டையைப் பிடித்து வைத்திருக்க மாட்டாமல் தடுமாறின. கட்டையால் ஒருமுறை தேய்த்தார். குளிர்காலம் கழிந்து சென் லோரன்ஸ் ஆற்றில் பனித்தளம் உடைவதுபோல, ஓரத்திலிருந்து நடுவரை அது பிளந்து திறந்தது.

அருமைநாதன் இன்னும் பகிடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சஜிதா கையை நீட்டித் தட்டில் கிடந்த மாவை விரலிடையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, இது அவிச்ச மா."

"ஓம். ஆர் அவிச்சது எண்டு கேள்."

வெளியே கூரையிலிருந்து ஒரு பாளம் சரிந்து விழுந்தது. அருமைராசா கட்டையைக் கீழே வைத்தார்.

"நான்தான் அவிச்சனான்" என்றார். "துடக்கத்திலயிருந்து நான்தான்."

அருமைநாதன் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் அவருக்குச் சிரிப்பு வெடித்தது. "அண்ணையோ? நீங்களோ? சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மா அரிக்கிறியளோ?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அருமைராசாவின் காது சிவந்தது. இத்தனை நாளும் அவர் எதற்கு அஞ்சினாரோ அது அப்படியே நடந்தது.

அந்தச் சிரிப்புத்தான் சிசிலியின் பொறுமையை முடித்தது. இந்த மனிதருக்குச் சிரிப்பு வந்த இடம் எது என்பதைப் பார்த்தாள்.

"மா அவிச்சது பகிடியில்லைத் தம்பி" என்றாள். குரல் உயரவில்லை. "ஆம்பிளை மா அவிச்சா கை அழுகிப் போகாது. இவர் அவிச்ச மாவிலை நீங்களும் எத்தினை நாள் புட்டுத் திண்டு, நல்ல பதமெண்டு சொன்னனீங்கள். எனக்கு அது கோவமில்லை. மாவிலைதான் பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு, என்ரை கையிலை பிழை எண்டு சொன்னாரே, அதுதான் கோவம். நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு என்னை வேலையை விடச் சொன்னீங்களே, அதுதான் கோவம். என்ரை கையிலை ஒரு குறையும் இல்லை."

அருமைநாதன் சிரிப்பை நிறுத்தித் தொண்டையைச் செருமினார். நடந்தது பிழைதான் என்றார். ஆனால் மா வேறு, வேலை வேறு என்றும் சொன்னார்.

"அண்ணைக்குச் சீனி வருத்தம் இருக்குத்தானே அண்ணி. வீட்டிலை ஆரும் ஒராள் நிக்கத்தானே வேணும்?"

"நிக்கிறார்தானே."

"ஆர்?"

"உங்கட அண்ணை. விடிஞ்சாப் பொழுதுபட்டா வீட்டிலைதான் நிக்கிறார். குந்தியிருந்து மா அவிச்சு, உடைச்சு, அரிக்க முதுகு விடுதெண்டா, நிண்டு ரெண்டு சப்பாத்தி சுட விடாதோ?"

சஜிதா குனிந்து தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய தோள் இலேசாகக் குலுங்கிற்று. அவள் சிரித்தது மட்டும் சரியான இடத்தில்.

சிசிலி எழுந்து, குளிரூட்டியின்மேல் இருந்த மாவைக் கொண்டுவந்தாள். கிள்ளி உருட்டித் தேய்த்தாள். விளிம்பு ஒரு மயிரளவும் வெடிக்கவில்லை. கல்லில் இட்டுத் திருப்பி, துணியால் ஒரு பக்கம் ஒற்றினாள். மறுபக்கம் மெல்ல எழுந்தது. பிறகு முழுவதும் ஒரேயடியாக உப்பி, பெருமூச்சு விட்டுத் தணிந்தது. முதலாவதை அவள் யாருக்கும் வைக்கவில்லை. நின்றபடியே பிய்த்து, பருப்பில் தொட்டு, தானே சாப்பிட்டாள். பஞ்சு. இரண்டு மாதத்துக்கு மேலாக இந்த வீட்டில் அவளுக்கு மறுக்கப்பட்டிருந்த பஞ்சு. கண் கலங்கியது, அது துயரத்தால் அல்ல.

இரண்டாவதைச் சஜிதாவுக்கு வைத்தாள். மூன்றாவதை, பகிடியை மறந்துவிட்ட அருமைநாதனுக்கு வைத்தாள். அருமைராசா தன் பிளந்த சப்பாத்தியைத் தானே கல்லில் இட்டு, தானே எடுத்து, துண்டு துண்டாகக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். அவள் சுட்டவற்றை நோக்கி அவர் கை நீட்டவில்லை. அவளும் நகர்த்தி வைக்கவில்லை.

பின்னர் அவள் கையைக் கழுவித் துடைத்தாள். தொலைபேசியை எடுத்து, எல்லோரும் கேட்க, மதாம் கரோலை அழைத்தாள். பதினோராண்டில் கற்ற பிரெஞ்சில், தடுமாறாமல் சொன்னாள்: நான் போகவில்லை, மதாம். திங்கட்கிழமை வருகிறேன். ஈஸ்டருக்குப் பிறகும் வருவேன். மறுமுனையில் மதாம் கரோல் ஏதோ மகிழ்ச்சியாகச் சொல்ல, "மெர்சி, மெர்சி" என்றுவிட்டு வைத்தாள்.

அருமைராசா வாளியின் மூடியை எடுத்து, அதை மூடுவதா விடுவதா என்று தெரியாதவர்போல் கையில் வைத்திருந்தார்.

"அப்ப இந்த மாவை என்ன செய்யிறது?" என்று கடைசியில் கேட்டார்.

"புட்டு அவிக்கலாம், பிள்ளை வந்தாத் திண்ணும்" என்றாள் சிசிலி. "இனியும் அவியுங்கோ. ஆனா ஞாயிற்றுக்கிழமையிலை அவியுங்கோ. வீட்டிலை ஆக்கள் இருக்கேக்கை, இவை எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கேக்கை அவியுங்கோ."

அருமைராசா தம்பியைப் பார்த்தார். தம்பி கோப்பையைப் பார்த்தார். அருமைராசா "ஓம்" என்று தலையசைத்து, வாளியை மூடினார்.

அப்போது மாலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.